சிவப்பு ‘ரன்’ ஆகிறது என்று பையர் எழுதினால்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு மாதமாக உதவி மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வேலையைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவராக, இருக்கிறார். பையரின், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவரின், மெயிலில் ‘தி ரெட் ரன்ஸ்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘சிவப்பு ஓடுகிறது’ என்றே காட்டியதாம். சிவப்பு மார்க்கெட்டில் நல்லா ஓடுது போல என்று நினைத்து, டையிங்குக்குச் சொல்லி இரண்டு லாட் துணியைச் சாயத்தில் இறக்கிவிட்டார்கள். பையர் சொன்னதோ சாயம் போகிறது என்று. ‘இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் சார்? எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது? பிசினஸ் இங்கிலீஷுக்கு ஒரு சென்டரில் 15,000 ரூபாய் கேட்கிறார்கள், சேரட்டுமா?’ என்று கேட்கிறார்.

அம்மணி, அந்தப் பணத்தை எடுத்து பத்திரமாக வையுங்கள். அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்களுக்கு ஆங்கிலம் வராததால் இந்தத் தவறு நடக்கவில்லை. நம்ம ஊர்ப் பேச்சு கை கொடுத்து, கடைசியில் காலை வாரிவிட்டது. தறி ஓடுது, மோட்டார் ஓடுது, படம் ஓடுது என்கிறோம். கடையில் எந்த கலர் ஓடுது என்று கேட்கிறோம். ஆங்கிலத்திலும் மெஷின் ‘ரன்’ ஆகும், நாடகம் ‘ரன்’ ஆகும், ஆறும் ‘ரன்’ ஆகும். நொய்யல் திருப்பூர் வழியாக ஓடுகிறது என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதலாம். இப்படிப் பல இடத்தில் பொருந்துகிற சொல் பொருந்தாத இடத்துக்கு வரும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை. தமிழில் சாயம் போகும், இறங்கும். ஆங்கிலத்தில் அது ஓடும். கழுத்தில் சிவப்புப் பட்டை (நெக் ரிப்) வைத்த வெள்ளை டி-ஷர்ட்டை ஒருமுறை துவைத்துக் கொடியில் போட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு கறை இறங்கியிருந்தால், பையர் சொல்லும் ‘ரன்’ அதுதான். (நொய்யலிலேயே சாயம் ஓடித்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நம்ம ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் ஓடினால் என்ன ஆகும் என்று திருப்பூருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

நீங்கள் அனுப்பிய மெயிலில் அடுத்த வரியையும் பார்த்தேன். ‘ரன் தி வாஷ் டெஸ்ட் அகெய்ன் அண்ட் ரன் இட் பை அஸ் பிஃபோர் யூ ரன் பல்க்.’ முதல் வரியோடு சேர்த்தால் நாலு ‘ரன்’. நாலும் வேறு வேறு. சிவப்பில் சாயம் போகிறது. வாஷ் டெஸ்டை மறுபடி செய்யுங்கள். ரிசல்ட்டை எங்களிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு பல்க்கை, அதாவது மொத்த ஆர்டரை, ஓட்டுங்கள். முதல் ‘ரன்’ தவறியிருந்தாலும் மூன்றாவதைப் பிடித்திருந்தால் அந்த இரண்டு லாட்டும் தப்பித்திருக்கும்.

அந்த மூன்றாவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பணம் தின்கிற ‘ரன்’. ‘ரன் இட் பை அஸ்’ என்றால் எங்களிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள் என்று அர்த்தம். ‘ரன் வித் இட்’ என்றால் சரி, அப்படியே செய்யுங்கள். ‘பை’, ‘வித்’ என்ற குட்டிச் சொல்தான் வித்தியாசம், சொல்வது நேர் எதிர். இருபது வருடத்துக்கு மேலாக ஏற்றுமதிக் கடிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு கம்பெனியில் ‘ரன் இட் பை அஸ்’ என்பதில் ‘ரன் இட்’ வரைக்கும் படித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக கட்டிங் போட்டுவிட்டார்கள். காலையில் நான் போனபோது மேஜை முழுக்க பாடியும் ஸ்லீவும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. பிரிண்ட் இடம் மாறிய ஆர்டர் அது. அந்தத் துணியை ஒன்றும் செய்ய முடியவில்லை. மெயிலைப் படித்த பெண்ணுக்கு வேலை போனது. படித்துக் காட்ட யாரையும் வைக்காத முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் ஆறுவதில்லை.

எத்தனை அர்த்தம் என்று கேட்டீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’, 430 பொருள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் என்று கணக்கு வந்தது. ஆனால் இந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அத்தனையும் எந்த வெள்ளைக்காரருக்கும் மனப்பாடம் கிடையாது. மெர்ச்சண்டைசிங் மேஜைக்கு வருவது பத்துப் பன்னிரண்டுதான்.

இந்தப் பயத்தை வைத்துத்தான் சென்டர்காரர்கள் பிழைக்கிறார்கள். 15,000 வாங்கிக்கொண்டு என்ன தருவார்கள் தெரியுமா? முந்நூறு சொற்றொடர் அச்சடித்த ஸ்பைரல் நோட்டு. ‘ரன் அவே’ என்றால் ஓடிப்போவது, ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏற்றுவது. உங்கள் பையர் எதற்கு ஓடிப்போகிறார்? சேருவதற்கு முன்னால் ஒரு பையர் மெயிலை நீட்டி, இதை வைத்துப் பாடம் எடுப்பீர்களா என்று கேளுங்கள். பதில் நேராக வராது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மெயிலை எனக்கு ஃபார்வர்டு பண்ணுங்க, நான் பார்த்துச் சொல்றேன் என்று வரும் ஏஜெண்டுகள். உங்கள் விலை, உங்கள் பையர், உங்கள் தேதி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பள்ளிக்கூடத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிக்க வைத்தோம். ‘ரன்’ என்றால் ஓடு என்று ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் எழுதிக் கொடுத்து, ஒரு மார்க்கும் போட்டு அனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் கையில் கண்டெய்னர் கணக்கில் ஆர்டரைக் கொடுத்துவிட்டு, மெயில் தப்பாகப் படித்தாய் என்று திட்டுகிறோம்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. ‘ரன்’ ஆவது எது, அதற்குப் பின்னால் வரும் சொல் எது. நூல் ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோச்சு, ‘ரன் ஷார்ட்’ என்றால் பத்தாமல் வருகிறது. ஷிப்மெண்ட் ‘ரன்னிங் லேட்’ என்றால் தள்ளிப்போகிறது. இவையெல்லாம் தானாகப் பழகிவிடும்.

ஒன்று மட்டும் தானாகப் பழகாது. ‘திஸ் ஸ்டைல் ரன்ஸ் ஸ்மால்.’ இதைப் படித்ததும் ஸ்மால் சைஸ் நல்லா ஓடுது, எஸ் கூடுதலாகப் போடச் சொல்கிறார் என்று தோன்றும். உங்களுக்குக் கட்டாயம் தோன்றும், ஏனென்றால் சிவப்பு விஷயத்திலும் அப்படித்தான் தோன்றியது. அவர் சொல்வது புகார். எம் என்று லேபிள் இருக்கிறது, போட்டால் எஸ் மாதிரி இறுக்குகிறது என்கிறார். ‘ரன்ஸ் லார்ஜ்’ என்றால் அதற்கு எதிர், தொளதொளவென்று இருக்கிறது. இப்படி எழுதி வந்தால் ஆர்டர் எண்ணிக்கையைத் தொடாதீர்கள். சாம்பிளை மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, கைக்குழிக்குக் கீழே டேப்பை வைத்து மார்பு அகலத்தை அளந்து, மெஷர்மெண்ட் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். துவைத்த பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள், காட்டன் சுருங்கியிருக்கும். சார்ட்டுப்படி சரியாக இருந்தும் பையர் ‘ரன்ஸ் ஸ்மால்’ என்றால் சார்ட்டையே மாற்றச் சொல்கிறார். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒரு நோட்டு போட்டு, பையர் எழுதிய வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். பக்கத்தில் அது நம்ம யூனிட்டில் எந்த வேலையைச் செய்யச் சொல்கிறது என்று தமிழில் எழுதுங்கள். சொல்லை மட்டும் தனியாக எழுதாதீர்கள், அது பள்ளிக்கூட வேலை.

இப்போதைக்கு அந்த இரண்டு லாட்டைக் கட்டிங்குக்கு விடாமல் நிறுத்துங்கள். டையிங் மாஸ்டரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி சோப்பிங் கொடுத்து ஒட்டாத சாயத்தை அலசியோ, ஃபிக்ஸிங் கொடுத்துச் சாயத்தைப் பிடிக்க வைத்தோ சரிக்கட்ட வழி இருந்தால் அவருக்குத்தான் தெரியும். பையருக்கு எழுதும்போது எந்த டெஸ்டில் சாயம் போனது, துவைத்ததிலா தேய்த்ததிலா, சாயம் எவ்வளவு போனது என்று மதிப்பிடும் கிரே ஸ்கேலில் எத்தனை வந்தது, எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். அந்த அளவு ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்துதான் நல்லது. அந்த மெயிலில் ‘ரன்’ என்று எழுத வேண்டாம். ‘பிளீடிங்’ என்று எழுதுங்கள், அதற்குச் சாயம் போவது என்பதைத் தவிர அங்கே வேறு அர்த்தம் எடுக்க முடியாது.