யாரு கொண்டாந்து குடுத்தான்? (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

உங்களை ரொம்ப வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. ரிட்டயர் ஆகி இப்ப நியூ ஜெர்சியில மக வீட்டுல இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப எனக்கும் மாப்பிள்ளைக்கும் பெரிய வாக்குவாதம் ஆயிடுச்சு. 2008ல சாரா பேலின் யாஹூ மெயிலுக்குள்ள ஒரு பையன் பூந்தப்ப அமெரிக்க மீடியா சிரிச்சுது. 2016ல ஹிலாரி கிளிண்டனோட தேர்தல் பிரச்சாரத் தலைவர் ஜான் போடெஸ்டா மெயில் வெளிய வந்தப்ப மட்டும் ரஷ்யா ரஷ்யான்னு கத்துச்சு. 2020ல ஜோ பைடன் மகன் ஹண்டர் பைடனோட லேப்டாப் விஷயத்தை அமுக்கிட்டாங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இதைச் சொன்னா மாப்பிள்ளை, அந்த மெயிலாலதான் ஹிலாரி தோத்தாங்கன்னு சண்டைக்கு வர்றார். அன்னையிலருந்து ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. நடுநிலையான பேப்பர்னு ஒண்ணு அங்க இருக்கா சார், இருந்தா சொல்லுங்க.

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்க அரசியல் கடிதம்னா நான் பொதுவா ஒதுக்கி வெச்சிடுவேன். ஆனா கொஞ்ச நாளா இந்தத் திருட்டு மெயில் விஷயத்தைத்தான் மண்டைக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டிருந்தேன், சரியா அந்த நேரம் பாத்து நீங்க எழுதிட்டீங்க.

முதல்ல அந்த லேப்டாப்பை விட்டுடுங்க. அது ஹேக் இல்ல, ரிப்பேர் கடையில குடுத்துட்டுத் திரும்ப வாங்காம விட்டதா சொல்லப்படற லேப்டாப், அதோட கதையே வேற. அதைப் பத்தி நியூயார்க் போஸ்ட் பேப்பர் போட்ட செய்தியோட லிங்கை ட்விட்டர் முடக்குனது தப்பு. அதுக்கு மேல உள்ள போனா இந்தப் பதிலை முடிக்க முடியாது.

பேலின் விஷயத்துல உங்க கோபம் பாதி நியாயம். அது நடந்த விதத்தைப் பாருங்க. 2008 செப்டம்பர், ரிபப்ளிகன் கட்சியோட துணை ஜனாதிபதி வேட்பாளர்னு அவங்க பேரை அறிவிச்சு மூணு வாரம் கூட ஆகல. டென்னசியில காலேஜ் படிக்கிற 20 வயசுப் பையன், அப்பா அந்த மாநில சட்டசபையில டெமாக்ரடிக் கட்சி உறுப்பினர், ராத்திரி உக்காந்து யாஹூகிட்ட 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு'ன்னான். யாஹூ மூணு விஷயம் கேட்டுச்சு. பிறந்த தேதி, ஜிப் கோடு, கணவரை முதல்ல எங்க சந்திச்சீங்க. மூணும் நெட்டுல கிடக்குது. கடைசி கேள்விக்கு மட்டும் ரெண்டு மூணு விதமா அடிச்சுப் பாத்து, வாசில்லா ஹைஸ்கூல்னு போட்டதும் கதவு திறந்துடுச்சு. புது பாஸ்வேர்டு என்ன வெச்சான் தெரியுமா, பாப்கார்ன். அதைக் கொண்டுபோய் 4சான்ங்கற, பேர் சொல்லாம யாரும் எதையும் போடற தளத்துல போட்டான், யார் வேணா உள்ள போய்ப் பாத்துக்கங்கன்னு.

உள்ள ஒண்ணும் இல்ல. அவங்களைக் கவுக்கற மாதிரி ஒண்ணுமே சிக்கலைன்னு அவனே எழுதுனான். ஆனா காக்கர் மாதிரி தளங்கள்ல ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, குடும்பப் போட்டோ வந்துச்சு. மூத்த பொண்ணோட செல் நம்பர் வெளிய போய், அந்தப் பொண்ணுக்கு மிரட்டலும் அசிங்கமுமா போன், மெசேஜ். பதினேழு வயசு, அப்ப கர்ப்பமா வேற இருந்தா. பின்னாடி கோர்ட்டுல வந்து சாட்சி சொன்னா. பையனுக்கு 2010ல ஒரு வருஷம் ஒரு நாள் தண்டனை. இதையெல்லாம் படிச்சப்ப எனக்கு பேலின் மேல துளி அரசியல் பாசம் இல்லைன்னாலும் வயித்தைக் கலக்குச்சு. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கறதால அது இன்னும் கூடவே உறைச்சிருக்கும், அது புரியுது.

ஆனா 'மீடியா சிரிச்சுது'ன்னு ஒட்டுமொத்தமா அடிச்சு விடறீங்களே, அது நேர்மையில்ல. எஃப்பிஐ விசாரணை செய்தியா வந்துச்சு, வழக்கு வந்துச்சு, தீர்ப்பு வந்துச்சு. பேலின் அப்ப அலாஸ்கா கவர்னர். கவர்னர் ஒருத்தர் அரசாங்க வேலையை யாஹூ கணக்குல வெச்சுப் பாக்கறாரா, தகவல் கேட்டா குடுக்காம இருக்கறதுக்கா, அப்டின்னு பத்திரிகை கேட்டது நியாயமான கேள்வி. அதே கேள்வியை ஏழு வருஷம் கழிச்சு, மந்திரியா இருந்தப்ப அரசாங்க மெயிலை வீட்டு சர்வர்ல வெச்சிருந்த ஹிலாரியைப் பாத்துக் கேட்டப்ப நீங்க கை தட்டியிருப்பீங்க. அதுவும் எப்படிக் கேட்டாங்கன்னு நினைக்கறீங்க? நீங்க இடதுசாரின்னு திட்டற நியூயார்க் டைம்ஸ், தேர்தலுக்கு முந்தின 69 நாள்ல எல்லாக் கொள்கை விஷயத்துக்கும் சேத்து எத்தனை முதல் பக்கச் செய்தி போட்டுச்சோ, அத்தனையை வெறும் ஆறே நாள்ல ஹிலாரி மெயிலுக்கு மட்டும் போட்டுச்சுன்னு கொலம்பியா ஜர்னலிசம் ரிவ்யூவுல எண்ணிக் காட்டியிருக்காங்க. இதை மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க, அவருக்கு இன்னும் குஷியாயிடும்.

பேலின் அரசாங்க மெயிலை பத்திரிகைக்காரங்க முறைப்படி மனு போட்டும் கேட்டாங்க, அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு? 2011 ஜூன்ல அலாஸ்கா அரசாங்கம் 24,199 பக்கம் பிரிண்ட் எடுத்து பெட்டி பெட்டியா குடுத்துச்சு. ஜூனோவுல நிருபர்கள் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. வாஷிங்டன் போஸ்டும் நியூயார்க் டைம்ஸும் வாசகர்களையே படிக்கக் கூப்பிட்டாங்க. பெரிசா ஒண்ணும் மாட்டல, அது வேற விஷயம். எனக்கு உறுத்தறது என்னன்னா, கதவைத் தட்டிக் கேட்டா மூணு வருஷம் ஆகுது, ஜன்னல் வழியா ஒருத்தன் பூந்தா ஒரு ராத்திரியில கைக்கு வந்துடுது. எந்தப் பத்திரிகை ஆசிரியரா இருந்தாலும் கை ஜன்னல் பக்கம்தான் நீளும். அந்த ஆசிரியர் எந்தக் கட்சிங்கறது அப்புறம் வர்ற சங்கதி.

நீங்களும் மாப்பிள்ளையும் பிடிச்சுக்கிட்டிருக்கற 2016ஐயே எடுத்துக்கங்க. அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை. மதியம் மூன்றரை மணி வாக்குல அமெரிக்க உளவுத்துறைத் தலைமையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேந்து அறிக்கை விடறாங்க, டெமாக்ரடிக் கட்சி ஆளுங்களோட மெயிலைத் திருடுனது ரஷ்ய அரசாங்கம்னு. சாதாரண நாளா இருந்தா ஒரு வாரத்துக்கு ஓடவேண்டிய செய்தி. நாலு மணிக்கு வாஷிங்டன் போஸ்ட்ல டிரம்ப் பொம்பளைங்களைப் பத்திப் பேசுன அந்த டேப் வருது. நாலரை மணிக்கு, ரகசிய ஆவணங்களை வெளியிடற விக்கிலீக்ஸ் தளம் போடெஸ்டா மெயிலை அவுத்து விடுது. ஒரு மணி நேரத்துல மூணு. ரஷ்யா அறிக்கை அன்னைக்கே காணாம போச்சு. திருட்டுப் பொருள் கடைக்கு வந்துடுச்சு, திருடன் யாருன்னு சொன்ன அறிக்கை அடியில போயிடுச்சு.

அப்புறம் விக்கிலீக்ஸ் எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டல. தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம், தேர்தல் வரைக்கும். இன்னைக்கு எதைப் பத்திப் பேசணும்னு முடிவு பண்ணுனது யாரு? நியூயார்க் டைம்ஸும் இல்ல, ஃபாக்ஸும் இல்ல. மெயிலைக் கைக்குள்ள வெச்சிருந்தவன். ஆசிரியர் நாற்காலியில அவன் உக்காந்துட்டான், மத்தவங்க எல்லாம் டைப் அடிச்சாங்க. அதுல நிஜமான செய்தியும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. சிஎன்என்ல வேலை பாத்துக்கிட்டே டெமாக்ரடிக் கட்சிக்காரர் டோனா பிரேசில், டிவி நிகழ்ச்சியில கேக்கப்போற கேள்வியை முன்கூட்டியே ஹிலாரி பக்கம் அனுப்புனது போட வேண்டிய செய்தி. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கிக்காரங்ககிட்ட காசு வாங்கிக்கிட்டு ஹிலாரி பேசுன பேச்சு போட வேண்டிய செய்தி. ஆனா ரிசோட்டோங்கற இத்தாலிய அரிசிச் சாப்பாடு பண்றப்ப சூப்புத் தண்ணியை ஏன் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்னு போடெஸ்டா யாருக்கோ சொன்ன சமையல் குறிப்பையும் செய்தியாப் போட்டாங்களே, அது எந்த ஜனநாயகத்தைக் காப்பாத்த? அதே குவியல்ல பீட்சா பத்தின மெயிலை நோண்டி, அதுக்கு ரகசிய அர்த்தம் கண்டுபிடிச்சு, டிசம்பர்ல ஒருத்தன் துப்பாக்கியோட வாஷிங்டன்ல பீட்சா கடைக்குள்ள போய்ச் சுட்டான். நல்லவேளை யாருக்கும் அடிபடல. அந்த டிசம்பர்லயே நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு, எங்களையும் சேத்து எல்லாப் பெரிய பத்திரிகையும் ரஷ்ய உளவுத்துறைக்குக் கருவி ஆயிட்டோம்னு. எப்ப? ஓட்டு எண்ணி முடிச்சு ஒரு மாசம் கழிச்சு.

நான் சின்ன வயசுல ஒரு மாலைப் பேப்பர்ல நைட் டெஸ்க்ல இருந்தேன். ஒரு நாள் பிரவுன் கவர் வந்துச்சு. உள்ளூர் அரசியல்வாதி ஒருத்தர் ஒரு பொண்ணுக்கு எழுதுன லெட்டர், எல்லாம் ஜெராக்ஸ். டெஸ்க்கே கூடி நின்னு குரல் மாத்தி மாத்திப் படிச்சுச் சிரிச்சுது. எங்க ப்ரூஃப் ரீடர், பாவம் வயசானவர், அதை வாங்கிப் படிக்க ஆரம்பிச்சவர் கை பழக்கத்துல சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழையெல்லாம் சுழிச்சுக்கிட்டே போனார், 'அன்பு கண்ணே'க்கு நடுவுல ஒரு க் போட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மறுநாள் மூணாம் பக்கத்துல பெட்டிச் செய்தி. 'நமது அலுவலகத்துக்குக் கிடைத்துள்ள கடிதங்கள்'. கிடைத்துள்ளதாம், வானத்துலருந்து விழுந்த மாதிரி. கவரைக் கொண்டாந்து குடுத்தது யாருன்னு வாட்ச்மேன் வரைக்கும் தெரியும், அவரோட அதே கட்சி, அதே பதவிக்குக் காத்துக்கிட்டிருந்த ஆளு. அதுதானய்யா செய்தி! சொந்தக் கட்சிக்காரன் வீட்டு லெட்டரை எடுத்துப் பத்திரிகைக்குக் குடுக்கறான்ங்கறது அந்த லெட்டரை விடப் பெரிய செய்தி. அதை நாங்க போடல. போட்டா அடுத்த கவர் வராது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன், சலிச்சாலும் பரவால்ல. திருட்டு மெயிலைப் போடாதேன்னு நான் சொல்லல. போடு. ஆனா ஒவ்வொரு செய்தியிலயும், ஒவ்வொரு நாளும், முதல் பத்தியிலயே சொல்லு, இதை எடுத்தவன் யாரு, இதுல அவனுக்கு என்ன லாபம், ஏன் இன்னைக்குக் குடுத்தான். பதினஞ்சாவது பத்தியில 'ஹேக் செய்யப்பட்டதாகக் கூறப்படும்'னு முணுமுணுத்தா அது சொன்ன கணக்குல சேராது. எடுத்தது யாருன்னு தெரியலையா, தெரியலைன்னு அதே முதல் பத்தியில எழுது.

பிரான்ஸ்ல பாருங்க. 2017ல ஜனாதிபதி தேர்தல்ல நின்ன மக்ரோனோட ஆளுங்க மெயில் கிட்டத்தட்ட 9 ஜிபி, ஓட்டுப்போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பிரச்சாரம் முடியற ராத்திரி பாத்து வந்து விழுந்துச்சு. ஓட்டு முடியறவரைக்கும் உள்ள இருக்கறதைப் போட மாட்டோம்னு லெ மோந்த் பேப்பர் வெளிப்படையா சொல்லிடுச்சு. நேரம் பாத்து வீசியிருக்காங்கன்னும் சேத்தே எழுதுச்சு. ஒண்ணும் குடி முழுகல.

இப்ப உங்க மாப்பிள்ளைக்கு. 2024ஐ அவர் சொல்லலையா? டிரம்ப் பிரச்சார அலுவலகத்துலருந்து திருடுன பைல், துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் பத்தி அவங்களே தயார் பண்ணுன 271 பக்கம், 'ராபர்ட்'ங்கற பேருல பொலிடிகோ, நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் மூணு பேருக்கும் போச்சு. ஒருத்தரும் போடல. பின்னாடி ஒரு தனி நிருபர் போட்டார், எக்ஸ்ல அவர் கணக்கையே முடக்குனாங்க. அந்தப் பைலைத் திருடுனதா ஈரான் ஆளுங்க மூணு பேர் மேல வழக்குப் பதிவாச்சு. 2016ல 'ஐ லவ் விக்கிலீக்ஸ்'னு மேடையில கத்துனவரோட ஆளுங்கதான் இப்ப, இதை எடுத்துப் போடறவன் நாட்டுக்கு எதிரி சொன்ன வேலையைச் செய்யறான்னாங்க. ஆக உங்க மண்குடப் பழமொழியை அவரும் உங்களைப் பாத்துச் சொல்லலாம், ரெண்டு பேரும் ஒரே பல்லவியைப் பாடிக்கிட்டு எதுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கறீங்கன்னு எனக்குப் புரியல.

அப்ப 2016ல போட்டவங்க 2024ல ஏன் போடல? விக்கிலீக்ஸ் எல்லாத்தையும் தெருவுல கொட்டிடுச்சு, நான் எழுதலைன்னா பக்கத்துப் பேப்பர்க்காரன் எழுதிடுவான்ங்கற பயம். 2024ல கவர் நேரா டெஸ்க்குக்கு வந்துச்சு, யாருக்கும் அவசரமில்ல, உக்காந்து கொள்கை பேச நேரம் கிடைச்சுது. கட்சிச் சாய்வு இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா சுட்ட செய்தியை முந்திப் போடற வெறிக்கு முன்னாடி அந்தச் சாய்வெல்லாம் ரெண்டாம்பட்சம்.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இந்த வயசுல மக வீட்டுல உக்காந்துக்கிட்டு, ஹிலாரிக்கும் பேலினுக்கும் நியாயம் கேக்க மாப்பிள்ளைகிட்ட பேசாம இருக்கறது அசட்டுத்தனம். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது உங்க பொண்ணு. ரெண்டு தட்டுக்கும் அவதான் சோறு போடணும், ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன பேசறதுன்னு யோசிக்கணும். பெரியவர் நீங்கதான், 'என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு ஆபீஸ் லேட்டா'ன்னு நீங்கதான் ஆரம்பிக்கணும். அவர் பதிலுக்கு வள்ளுன்னு விழுந்தாலும் பரவால்ல.

நடுநிலைப் பேப்பர் எதுன்னு கேட்டிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒண்ணு, வாஷிங்டன் போஸ்ட் ஒண்ணு, ரெண்டையும் படிங்க, தலையங்கப் பக்கத்தைத் தாண்டிப் போங்க.

இன்னொண்ணு. உங்க மெயில் ஐடியிலயே பிறந்த வருஷம் இருக்கு, கையெழுத்துக்குக் கீழ முழு விலாசம், ஜிப் கோடு, செல் நம்பர். யாஹூ கேட்ட மூணுல ஒண்ணரை எனக்கே தெரிஞ்சுபோச்சு. அதையெல்லாம் எடுத்துட்டு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. 'உங்க பாஸ்வேர்டு யாருக்கோ தெரிஞ்சிடுச்சு, உடனே இங்க மாத்துங்க'ன்னு மெயில் வந்தா அந்த லிங்கைத் தொடாதீங்க, போடெஸ்டா கணக்கு பறிபோனது அப்படி ஒரு மெயில்லதான்.