எழுதாமல் வந்த வேதம்: கேள்வி பதில்

கேள்வி: நான்கு வேதங்களும் ஒரே காலத்தவையா?

இல்லை. ரிக் தான் மூத்தது. கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கணக்கு. அதற்குள்ளேயே 2 முதல் 7 வரையுள்ள மண்டலங்கள் (பெரும் பிரிவுகள்) பழையவை. ரிஷி குடும்பங்கள் தனித்தனியே காத்தவை. 10ஆம் மண்டலம் பிந்தியது. சாமம் பெரும்பாலும் ரிக் மந்திரங்களையே இசையோடு பாடுவது.

கேள்வி: ஐயா, எழுதி வைக்காமல் எப்படி மாறாமல் வந்தது? நம்ப முடியவில்லை.

ஓதும் முறையிலேயே காவல் இருக்கிறது. ரிக்கின் முதல் வரியில் ‘அக்னிம் ஈளே புரோஹிதம்’ என்று வருகிறது. முதலில் சந்தி பிரித்துச் சொல் சொல்லாக ஓத வேண்டும்; இது பதபாடம். அப்புறம் இரண்டிரண்டாகக் கோத்து ஓதுவது கிரமம். கனபாடத்தில் ‘அக்னிம் ஈளே, ஈளே அக்னிம், அக்னிம் ஈளே புரோஹிதம், புரோஹிதம் ஈளே அக்னிம், அக்னிம் ஈளே புரோஹிதம்’ என்று முன்னும் பின்னுமாகப் போகும். ஒரு சொல் நழுவினாலும் அடுத்த சுற்றில் இடறும். ஏடு செல்லரிக்கும், இது அரிக்காது. குறுந்தொகை வேதத்தை ‘எழுதாக் கற்பு’, அதாவது எழுதாமல் கற்பது, என்கிறது. அதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ரிக்கில் பெரிய தெய்வம் இந்திரன். இன்று அவனுக்கு ஏன் கோயில் இல்லை?

ரிக்கில் ஏறத்தாழ கால் பங்கு சூக்தங்கள் (துதிப் பாடல்கள்) இந்திரனுக்குத்தான். விஷ்ணுவுக்கும் ருத்திரனுக்கும் விரல்விட்டு எண்ணும் அளவே. ஆனால் வேள்விகளை விளக்கும் ‘பிராமணம்’ என்னும் வேத நூல்கள் வேள்வியே விஷ்ணு என்றன. யஜுர் வேதத்தின் ஸ்ரீருத்ரத்தில் ‘நம: சிவாய’ வந்துவிட்டது, சிவன் கோயில் அபிஷேகத்தில் இன்றும் அதைக் கேட்கிறோம். வேள்வியிலிருந்து கோயிலுக்கு வழிபாடு நகர்ந்தபோது இந்திரன் எண்திசைக் காவலர்களில் ஒருவனாக நின்றுவிட்டான்.

கேள்வி: பழைய வேள்விகள் இப்போதும் நடக்கின்றனவா?

அரிதாக. 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் 12 நாள் அக்னிசயனம் என்ற வேள்வியைச் செய்தார்கள். பறவை வடிவில் செங்கல் வேதி (வேள்வி மேடை). பலியிட வேண்டிய ஆடுகளுக்குப் பதில் இலையில் பொதிந்த அரிசி மாவு.

கேள்வி: தமிழ்நாட்டில் வேதம் படித்ததற்குக் கல்வெட்டு உண்டா?

உண்டு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு எந்த வேதத்துக்கு எத்தனை மாணவர் என்று சொல்கிறது: ரிக்குக்கு 75 மாணவர், யஜுருக்கு 75, தலவகார சாமத்துக்கு 20. தலவகாரம் என்பது சாம வேதத்தின் ஜைமினீய சாகை, அதாவது ஓதும் மரபுக் கிளை. அதை முழுமையாக ஓதத் தெரிந்தவர்கள் இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மிகச் சிலரே. ஓதுபவர் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால் ஒரு முறையாவது நேரில் போய்க் கேளுங்கள்.