கெவலாருக்குப் போன அக்டோபர்

தங்கச்சி, அக்டோபரில் ஜெர்மனியில் இருக்கும் ஆகனுக்குப் படிக்க வருவதாக நாகர்கோவிலில் இருந்து எழுதியிருந்தாய். "ஞாயிறு பூசையை விடக் கூடாது, லீவு நாளில் நாலு ஊர் பார்க்கவும் ஆசை. ரெண்டும் நடக்குமா அக்கா? அங்கே போனால் விசுவாசம் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார்கள்" என்று கேட்டிருந்தாய்.

நடக்கும். 2011 அக்டோபரில் நான் தூத்துக்குடியில் இருந்து இதே ஆகனுக்கு வந்தபோது எங்கள் அம்மாவும் அப்படித்தான் பயந்தார்கள். ஞாயிறு தவறாமல் போன் வரும். முதல் கேள்வி "சாப்பிட்டியா" இல்லை, "பூசை கண்டியா" என்பதுதான்.

முதல் ஞாயிறு நான் போன கோவில் பெரியது. உள்ளே இருபது பேர் இருந்திருப்போம், எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. நம் ஊரில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்று பூசை கண்டவளுக்கு அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஜெர்மன் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பூசையின் வரிசை ஒன்றுதானே. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் எப்போது, 'பரலோகத்தில் இருக்கிற' செபம் எப்போது என்று தானாகவே தெரிந்தது. உதட்டுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் பெஞ்சுப் பாட்டி திரும்பி என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அதனால் பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்து இந்த நாட்டில் சாமியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதே.

அந்த முதல் இரண்டு வாரமும் வகுப்புப் பிள்ளைகள் பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்பினார்கள். பூசைக்காக நான் மட்டும் விடுதியில் தங்கினேன். மூன்றாவது வாரம் தனிமை தாங்காமல் கூடப் போனேன். பூசை தவறியது. அன்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய் பல நாள் உறுத்தியது. இரண்டு வாரம் வீட்டுக்குள் கிடந்ததும் தப்பு, அப்புறம் ஒரேயடியாக விட்டதும் தப்பு. கேட்டிருந்தால் வழி இருந்தது.

இங்கே சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு பூசை உண்டு. 'ஃபோர்ஆபென்ட்மெஸ்ஸ' என்பார்கள். திருச்சபைச் சட்டப்படி ஞாயிறு பூசைக் கடமைக்கு அதுவே போதும். அதைக் கண்டுவிட்டால் ஞாயிறு முழுவதும் உன் கையில். பூசை நேரத்தைக் கோவில் கதவருகே ஒட்டியிருப்பார்கள். கொலோனில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பேராலயம் நேர் எதிரே நிற்கும். 157 மீட்டர் உயரம், 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்தார்கள். பீடத்துக்குப் பின்னால், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பேழை. வண்டி மாற அரை மணி நேரம் இருந்தாலும் போதும், உள்ளே போய் முழங்கால் போட்டுவிட்டு வரலாம். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

மாணவர் பயணச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் அது இந்த நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். இப்போது பல பல்கலைக்கழகங்களில் நாடு முழுவதற்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் கிடைக்கிறது, சாதாரண விலையில் 60 சதவீதம்தான். நகரப் பேருந்து, வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ போன்ற விரைவு வண்டியில் மட்டும் ஏறிவிடாதே. எல்லை தாண்டினால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அந்தப் பொய்க்கு அடுத்த வாரம், அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மாதா யாத்திரைத் தலமான கெவலாருக்குத் தனியாகப் போனேன். டுசல்டோர்ஃபில் இருந்து கிளேவ போகும் வண்டியில் ஏற வேண்டும். இரண்டு பக்கமும் சமவெளி, மஞ்சளாய்ப் பழுத்த மரங்கள், பனிமூட்டத்தில் மேயும் மாடுகள். எங்கள் தூத்துக்குடிப் பனிமய மாதா போலப் பெரிய சுரூபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் உள்ளங்கை அளவு காகிதப் படம்! முப்பதாண்டுப் போர்க் காலத்தில் 'இங்கே எனக்கொரு சிற்றாலயம் கட்டு' என்ற குரலை ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற வியாபாரி கேட்டாராம். 1642இல் அந்தப் படத்தை வைத்தார்கள். துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதலான மாதா என்று பெயர். பிரமாண்டமாக எதுவும் இல்லாததாலோ என்னவோ, அந்தச் சின்னப் படத்தின் முன்னால் எனக்குப் பேச்சு வந்தது. பொய் சொன்னதையும் சொன்னேன்.

வெளியே மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில், "பிள்ளை, தமிழோ?" என்று ஒரு குரல். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். குடும்பத்தோடு வந்திருந்தார். காரில் இருந்த புட்டையும் சம்பலையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். ஆகஸ்டில் இங்கே தமிழர் யாத்திரை நடக்கும், ஆயிரக்கணக்கில் வருவார்கள், சைவக்காரரும் வருவார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். சில நகரங்களில் தமிழ்ப் பூசை நடப்பதும் அவர் சொன்னதுதான். உன்னோடு தங்கப்போகிற தோழி இந்து என்று எழுதியிருந்தாய். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலை அவளுக்குச் சொல். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த கோவில் அது. நவராத்திரிக்குப் போனால் ஊர் ஞாபகம் தீரும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வந்ததும் முகவரியைப் பதிவு செய்வாய். அந்தப் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். தேவாலய வரிக்குப் பயந்து 'இல்லை' என்று போடச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். அந்த வரி வருமான வரியின் மேல் போடுவது, இந்த மாநிலத்தில் அதில் 9 சதவீதம். வருமான வரி இல்லாத மாணவிக்கு அது கிடையாது. நான் கத்தோலிக்கர் என்றே போட்டேன். வேலைக்குப் போனபின் வரியும் கட்டுகிறேன். அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நீ உன் மனசைக் கேட்டுக்கொள்.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள், இங்கே அரசு விடுமுறை. கடையெல்லாம் சாத்தியிருக்கும். நம் ஊரில் மறுநாள் கல்லறைத் திருநாளுக்குச் செய்வதை இங்கே அன்று மதியமே செய்கிறார்கள். சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். முதல் நாளே சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சிவப்பு விளக்கு வாங்கிவைத்தேன், பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெழுகு, மேலே மூடி. வாங்கிய பிறகுதான் யோசித்தேன், வைப்பதற்கு இங்கே கல்லறை ஏது? கல்லறைத் தோட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் நடுவிலிருந்த பெரிய சிலுவையைக் காட்டினார். தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக அதன் அடியில் ஏற்றுவார்களாம். ஏற்கெனவே நாற்பது ஐம்பது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பாவுக்காக என்னுடையதையும் வைத்தேன். ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டி, தோட்டம் முழுக்கச் சிவப்பாய் மினுங்கியது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு நானே போன் போட்டேன். பூசை தவறியதையும் சொன்னேன், விளக்கு வைத்ததையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "அப்பாவுக்கு ரெண்டு ஊரிலேயும் விளக்கு" என்று மட்டும் சொன்னார்கள்.

கெவலாரில் யாத்திரைக் காலம் நவம்பர் முதல் தேதியோடு முடியும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை சொல், நான் டுசல்டோர்ஃபில் வந்து நிற்கிறேன், சேர்ந்து போகலாம். மழைக்கோட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வா.