கூட்டாக விலை பேசுங்கள், தனித்தனியே பில் வாங்குங்கள்

காவிரி டெல்டாவின் சிறு மருத்துவமனைகள் லாப நோக்கில்லாத கூட்டமைப்பாகச் சேர்வது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: 20 முதல் 30 படுக்கை உள்ள ஆறு மருத்துவமனைகள் சேரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா?
– மருத்துவமனை நிர்வாகி, மன்னார்குடி

பதில்: இப்போதைக்குச் சங்கம் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மருத்துவமனைக்கு இருவர் என்று போட்டால் 12 பேர் ஆகிவிடும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். டிரஸ்டில் அதிகாரம் முழுவதும் அறங்காவலர்கள் கையில் இருக்கும். புதிதாக ஒருவர் சேர்வதும் இருப்பவர் விலகுவதும் அதில் சிக்கல். கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 8-ல் வரும் லாப நோக்கில்லாத கம்பெனி நல்ல அமைப்புதான். ஆனால் வருடாந்திரத் தாக்கல்களுக்கும் ஆடிட்டருக்கும் ஆகும் செலவை ஆறு சிறிய மருத்துவமனைகள் தாங்குவது கஷ்டம்.

பெயர், லோகோவைவிட துணைவிதிகளில்தான் நேரம் செலவிட வேண்டும். படுக்கை எத்தனை இருந்தாலும் மருத்துவமனைக்கு ஒரே ஓட்டு. சந்தாவில் பாதி எல்லோருக்கும் சமம், மீதி படுக்கைக் கணக்கில். விலகுவதற்கு மூன்று மாத நோட்டீஸ்; அதுவரை ஒப்புக்கொண்ட ஆர்டர்களை எடுத்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1979-ல் தொடங்கிய கிராமப்புற மருத்துவமனைக் கூட்டுறவு இன்றும் இயங்குகிறது. அதன் உரிமையாளர்கள் உறுப்பு மருத்துவமனைகளே. ஆனாலும் ஒவ்வொன்றின் நிர்வாகமும் அதனதன் கையில். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். யாரும் யாருக்கும் கிளை ஆகிவிடக் கூடாது.

நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள். உறுப்பினர்களின் செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால், அதைப் பொதுத் தர்மம் என்று வருமானவரித் துறை ஏற்பது கடினம்.

கேள்வி: மருந்தைக் கூட்டாக வாங்கினால் விலை குறையும் என்கிறார்கள். சங்கத்தின் பெயரிலேயே மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொடுக்கலாமா?
– மருந்தாளுநர், பட்டுக்கோட்டை

பதில்: கூடாது. சங்கம் வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் அது மொத்த வியாபாரம். மருந்து மொத்த விற்பனைக்கான 20பி, 21பி உரிமம், தகுதியுள்ள ஆள், குடோன், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் வேண்டியிருக்கும். சங்கம் விலையை மட்டும் பேசி முடிக்கட்டும். அந்த விலையில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பெயரில் ஆர்டர் கொடுத்து, தன் பெயரில் பில் வாங்கி, தன் கணக்கிலிருந்து பணம் கட்டட்டும்.

முதலில் எல்லோரிடமும் கடந்த 12 மாதச் செலவை வாங்குங்கள். பிராண்ட் பெயரில் அல்ல. மூலப்பெயர், வீரியம், பேக் அளவு என்று. பட்டியலில் ஐந்தில் ஒரு பங்குப் பொருட்களே முக்கால்வாசிப் பணத்தைத் தின்பதைப் பார்ப்பீர்கள். நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட், பான்டோப்ரசோல் ஊசி, சிரிஞ்ச், ஐ.வி. செட், கையுறை, தையல் நூல் என்று 25 பொருளோடு தொடங்குங்கள். டாக்டர்கள் சண்டை போடாத பொருட்கள் இவை. ஆன்டிபயாடிக் பிராண்ட் விவகாரத்தை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

விலைப்புள்ளியை இரண்டு உறையில் கேளுங்கள். முதல் உறையில் தரச் சான்றுகள், ஒவ்வொரு பேட்சுக்கும் பரிசோதனை அறிக்கை தருவதற்கான ஒப்புதல், சரக்கு வரும் நாளில் காலாவதிக்கு முக்கால் பங்கு காலமாவது மீதி இருக்கும் என்ற உறுதி. இதில் தேறியவரின் விலை உறையை மட்டும் பிரிக்க வேண்டும். “பத்துக்கு ஒன்று இலவசம்” என்ற சலுகை ஒப்பீட்டைக் குழப்பிவிடும். 22 ரூபாய்ப் பொருளுக்குப் பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் உண்மை விலை 20 ரூபாய். எல்லோரையும் நிகர விலை மட்டுமே எழுதச் சொல்லுங்கள். சலைன் கனமான சரக்கு, லாரி வாடகை விலையைத் தின்றுவிடும். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று ஒரே வண்டி ஒரே சுற்றில் வாசலில் இறக்கும் விலையைக் கேட்பது நல்லது.

இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில்தான் உடையும். பழைய டீலர் ஒரு மருத்துவமனையை மட்டும் தனியாகப் பிடித்து, ஐம்பது பைசா குறைத்துத் தருவார். அந்த மருத்துவமனை அவரிடம் போய்விட்டால், மொத்த அளவை நம்பி விலை குறைத்தவர் மற்ற ஐந்து பேரையும் கைவிடுவார். ஒப்புக்கொண்ட அளவில் 80 சதவீதமாவது எடுக்க வேண்டும் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்தது நிலுவை. ஒருவர் பாக்கி வைத்தால் சரக்கு ஆறு பேருக்கும் நிற்கும். ஆளுக்கு ஒரு மாதக் கொள்முதல் தொகையை டெபாசிட்டாக வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

கேள்வி: ஒரு கையடக்க ஸ்கேன் மெஷினைச் சேர்ந்து வாங்கி, வாரத்தில் ஒருநாள் ஒவ்வோர் இடத்திலும் வைத்துக்கொள்ளலாமா?
– மகப்பேறு மருத்துவர், திருத்துறைப்பூண்டி

பதில்: முடியாது. பாலினத் தேர்வுத் தடைச் சட்ட விதிகளின்படி அந்த மெஷின் பதிவு செய்த கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. நடமாடும் மருத்துவ வண்டிக்கு மட்டும் நிபந்தனையுடன் விலக்கு உண்டு. மீறினால் மெஷினுக்குச் சீல் வைத்துவிடுவார்கள்.

கேள்வி: பாம்புக்கடி மருந்தை எல்லோரும் நிறைய வாங்கி வைத்துக் காலாவதியாக விடுகிறோம். பொது இருப்பு வைக்க வழி உண்டா?
– மருத்துவர், வேதாரண்யம்

பதில்: கூட்டமைப்பால் உடனே பலன் தெரியும் இடம் இதுதான். விஷமுறிவு மருந்தின் முதல் டோஸ் 10 குப்பி. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இந்த 10 இருந்தே தீர வேண்டும்; இதைக் குறைப்பது பற்றிப் பேச்சே கூடாது. கண்ணாடிவிரியன் கடியில் 6 மணி நேரம் கழித்து ரத்தம் உறைகிறதா என்று மறுபடி பார்த்த பிறகே அடுத்த 10. நாகம், கட்டுவிரியன் கடியில் நரம்பு பாதிப்பு தொடர்ந்தால் ஓரிரண்டு மணி நேரத்திலேயே தேவைப்படலாம். ஆகவே அடுத்த 20 குப்பியை, எல்லோருக்கும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஓரிடத்தில் வைத்தால் போதும். பெறும்போது உங்கள் டாக்டரின் சீட்டுக்கு நோயாளி பெயரில் பில் போட்டு வாங்குங்கள். கைமாற்றாக வாங்கினால் பேட்ச் கணக்கு உதைக்கும்.

பொடியாக வரும் மருந்தையே கேளுங்கள். திரவ வகைக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். 2018 நவம்பரில் கஜா கரையேறிய பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ரத்தம் உறையும் சோதனைக்கு 2 மி.லி. ரத்தத்தை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் குழாயோ, சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாததுபோல் காட்டும், மருந்து வீணாகும். ஆறு மருத்துவமனைக்கும் ஒரே மாதிரிக் குழாயை அந்த 25 பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.

கேள்வி: ஒரு பயோமெடிக்கல் டெக்னீஷியனை ஆறு பேரும் பகிர்ந்துகொள்ள முடியுமா?
– செவிலியர் கண்காணிப்பாளர், கும்பகோணம்

பதில்: முடியும். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்தானே, வாரத்தில் ஓரிடத்துக்கு ஒருநாள் என்று கிழமையைக் கட்டிவிடுங்கள். “கூப்பிட்டால் வருவார்” என்று விட்டால் சத்தம் போடுகிற மருத்துவமனைக்கே போய்க்கொண்டிருப்பார். முதல் வேலையாக, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே காற்று சிக்கியிருந்தால் பிரஷர் முள் 15 பவுண்டு காட்டினாலும் வெப்பம் 121 டிகிரியைத் தொடாது. டிரம்மைத் திணித்து அடைப்பதுதான் வழக்கமான காரணம். கட்டிய துணி மூட்டைக்கு, 121 டிகிரியைத் தொட்டதிலிருந்து 30 நிமிடம் வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை செய்யுங்கள் (கிருமி வித்துகள் தடவிய ஸ்டிரிப்பை உள்ளே வைத்து எடுத்து, அவை செத்தனவா என்று பார்ப்பது); ஆட்டோகிளேவில் போடாத ஒரு ஸ்டிரிப்பையும் கூடவே வையுங்கள். அதில் கிருமி வளரவில்லை என்றால் சோதனையே செல்லாது.

உதிரிப் பாகம் சேராத பராமரிப்பு ஒப்பந்தம் மலிவாகத் தெரியும். உதிரியும் சேர்ந்த ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு, கடந்த மூன்று ஆண்டு பில்லை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஆக்ஸிமீட்டர் புரோப், ஈ.சி.ஜி. கேபிள், ஆட்டோகிளேவ் கேஸ்கெட் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தால் பாதிக் கோளாறு அன்றைக்கே தீரும்.

கேள்வி: சங்கமாகிவிட்டால் பிரசவம், அப்பெண்டிசைட்டிஸ் ஆபரேஷனுக்கு ஒரே கட்டணம் வைத்துவிடலாமா?
– மருத்துவமனை உரிமையாளர், சீர்காழி

பதில்: வைக்காதீர்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பதைப் போட்டிச் சட்டம், 2002-ன் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. லாப நோக்கில்லாத சங்கம் என்ற பலகை அதற்குக் கேடயம் ஆகாது. கூட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், அது விவாதிக்கப்படவில்லை என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போங்கள்.