பண்டைய கிரேக்க நகர அரசுகள் தங்கள் எல்லையை எப்படி வகுத்தன, எப்படிக் காத்தன?

நாடு முழுவதையும் மதிலால் வளைத்தார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் மலைமுகடும் ஓடையும்தான் எல்லை. தகராறு வரக்கூடிய இடத்தில் கல் நட்டார்கள்; அல்லது பாறையிலேயே ‘ஹோரோஸ்’ (எல்லை) என்று வெட்டினார்கள். நட்ட கல்லை இரவோடு இரவாகப் பெயர்த்துவிடலாம், முகட்டைப் பெயர்க்க முடியாதே!

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிடாரஸ், கொரிந்து என்ற இரு நகர அரசுகளுக்கும் எல்லைத் தகராறு. மூன்றாவது நகரான மெகாராவிலிருந்து வந்த 151 நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கொரிந்து ஒப்பவில்லை. அந்த நடுவர்களிலேயே 31 பேர் மறுபடி நேரில் போய், இந்த உச்சியிலிருந்து அந்த உச்சிவரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வரையறுத்தார்கள். அந்தப் பட்டியல் கல்வெட்டாகவே கிடைத்திருப்பது பெரும் பேறு.

காவலுக்கு, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஏதென்சில் 18 வயது இளைஞர்களுக்கு 2 ஆண்டுப் பணி. இரண்டாம் ஆண்டு முழுக்க ஈட்டியும் கேடயமுமாக நாட்டுப்புறத்தில் ரோந்து, காவல் கோட்டைகளில் தங்கல்.