படகு டிரெய்லரைக் கையால் தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கிறேன். மீன்பிடிக்கப் போவதற்காகப் போன வருடம் ஒரு பழைய அலுமினியப் படகும் டிரெய்லரும் வாங்கினேன். படகு 4.2 மீட்டர் நீளம். வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் நிறுத்துகிறேன். காரில் மாட்டியபடியே அங்கே திருப்ப இடமில்லை, கழற்றிவிட்டுக் கையால்தான் தள்ள வேண்டும். குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடந்த டிரெய்லரைப் போன வாரம் வெளியே இழுத்தபோது காரில் மாட்டும் முன் முனையைத் தாங்குகிற சின்னச் சக்கரமான ஜாக்கி வீல் தரைக்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. குனிந்து முனையைத் தூக்கித் திருப்பினேன், இடுப்பில் சுரீர் என்றது. ஐந்து நாளாகிறது. வலி இடது பிட்டம் வரை இறங்கி நிற்கிறது. கடையில் வாங்கிய இபுபுரூஃபனை நாளுக்கு மூன்று வேளை போடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டனும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் ஏற்கெனவே எடுக்கிறேன். டிஸ்க் நகர்ந்துவிட்டதா? எம்ஆர்ஐ எடுக்கலாமா? இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொண்டு தள்ளலாமா? நான் தள்ளும்போது 15 வயது மகன் பின்னால் நின்று வழி சொல்வான். மனைவியோ படகையே விற்றுவிடச் சொல்கிறார்.

பதில்: இடுப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இபுபுரூஃபனை இன்றே நிறுத்துங்கள். தனியாகப் பார்த்தால் அது பலருக்குப் பாதிப்பில்லாத வலி மாத்திரைதான். ஆனால் டெல்மிசார்டன், நீர் மாத்திரை, இபுபுரூஃபன் மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது சிறுநீரகம் திணறிப்போகும். நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரைக் குறைக்கிறது. இபுபுரூஃபன் சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்திவிடுகிறது. உள்ளே வரும் ரத்தமும் குறைந்து, வடிகட்டத் தேவையான அழுத்தமும் போய்விடுகிறது. வெயிலில் வேர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காத நாளில் இது இன்னும் மோசமாகும். பெரும்பாலும் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் இந்த வாரமே உங்கள் ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போய், சிறுநீரக நிலை தெரிய கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை எழுதி வாங்குங்கள். பிரஷர் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடையில் கேட்டாலே கிடைக்கிற மாத்திரைதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கடையிலேயே இருக்கும் பார்மசிஸ்டிடம் "நான் பிரஷர் மாத்திரை எடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே தடுத்திருப்பார். இனிமேல் அப்படிச் சொல்லியே வாங்குங்கள்.

சரி, இடுப்புக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தசையும் தசைநாரும் பிடித்துக்கொண்ட சாதாரண இடுப்பு வலி போலத்தான் இருக்கிறது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை, மரத்துப்போனதாக நீங்கள் எழுதவும் இல்லை. இந்த மாதிரி வலி பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். ஆனாலும் சில அறிகுறிகளை நீங்களும் உங்கள் மனைவியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறுநீர் போக முடியாமல் நின்றுவிடுவது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நசுங்கும்போது வருகிற அறிகுறிகள் இவை. அதில் தாமதித்தால் சிறுநீர்ப்பை திரும்பவும் பழைய நிலைக்கு வராமலே போகலாம். பாதம் தொங்கிப் போனாலும், காய்ச்சலோடு வலி இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவர் என்றாலும் அதே அவசரத்தோடு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாதபோது இப்போதைக்கு எம்ஆர்ஐ வேண்டாம். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பது வயதில் பத்தில் ஆறு பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருந்தது. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். உங்களுக்கும் இன்று ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். அது போன வாரம் வந்ததா, பத்து வருடமாக இருப்பதா என்று படம் சொல்லாது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் பயத்தில் குனியவே மறுக்கிறவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். அந்தப் பயமே வலியை நீட்டித்துவிடும். ஆறு வாரம் கழித்தும் குறையாவிட்டால் அல்லது வலி காலுக்கு இறங்கினால் அப்போது யோசிப்போம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறென்ன தருகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிடச் சீக்கிரம் குணமாகவில்லை என்று 2014-ல் சிட்னியில் 1,600-க்கும் மேற்பட்டோரை வைத்துக் காட்டினார்கள். ஓபியாய்டு வகை மாத்திரையும் இந்த வலிக்கு, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேல் இல்லை என்று 2023-ல் வந்த சிட்னி ஆய்வு சொன்னது. பயன் தந்தது நடைதான். இடுப்பு வலி வந்து தேறியவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு நடக்க வைத்துப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. நடக்காதவர்களில் பாதிப்பேருக்கு 112 நாளில் வலி திரும்பியது, நடந்தவர்களில் பாதிப்பேருக்கு அது 208 நாள்வரை தள்ளிப்போனது. நீங்கள் இன்றைக்கே பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம். படுத்தே கிடக்க வேண்டாம். பெல்ட்டைப் பொறுத்தவரை, அது இடுப்பு வலி வராமல் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கட்டிக்கொண்டால் வருகிற தைரியத்தில் இன்னும் அதிகமாகத் தூக்கிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

இனி டிரெய்லர். உங்கள் உடம்பில் குறை தேடுவதைவிட அன்றைக்கு உங்கள் கையில் என்ன எடை இருந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். படகு, மோட்டார், டிரெய்லர், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முனையில் இறங்குகிற எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்படிதான் வழக்கமாக ஏற்றிவைப்பார்கள். ஆக நீங்கள் குனிந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டித் தூக்கியது கிட்டத்தட்ட 50 கிலோ. எல்லாம் சரியாக இருக்கும் நிலையில், உடம்போடு ஒட்டிப் பிடித்து, திரும்பாமல் தூக்குவதற்கே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு 23 கிலோதான். உங்கள் இடத்தில் 25 வயது வாலிபன் இருந்தாலும் இடுப்பு பிடித்திருக்கும்.

தள்ளுவது வேறு கணக்கு. சமமான கான்கிரீட் தரை, டயரில் முழுக் காற்று என்றால் 500 கிலோவை நகர்த்த ஐந்து முதல் பத்து கிலோ விசை போதும். டயர் குளிர்காலம் முழுக்க நின்று காற்று இறங்கியிருந்தால் அது ஏறிவிடும். புல்தரையில் இன்னும் கூடும். தரையில் பத்துக்கு ஒன்று சரிவு இருந்தால், அந்தச் சரிவுக்கு மட்டுமே 50 கிலோ கூடுகிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் பாதையிலும் மழைநீர் ஓடுவதற்காகக் கொஞ்சம் சரிவு வைத்திருப்பார்கள். அதனால் அடுத்த முறை டிரெய்லரைத் தொடுவதற்கு முன்பே டயரில் காற்று அடியுங்கள். பெட்ரோல் டேங்க், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தனியே இறக்கிவையுங்கள். தரைக்கல் இடுக்கின் மேல் கனமான பிளைவுட் பலகை போட்டுவிடுங்கள். ஜாக்கி வீலின் சின்னச் சக்கரம்தான் இடுக்கில் மாட்டுகிறது. பெரிய காற்று டயர் உள்ள ஜாக்கி வீலாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். முனையைக் கையால் தூக்காதீர்கள், கைப்பிடியைச் சுற்றி உயர்த்திக்கொள்ளுங்கள்.

சந்தில் திருப்ப ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்களுடையது ஒற்றை அச்சு டிரெய்லராக இருக்கும். எந்தப் பக்கம் முனை போக வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கி வீலைக் குறுக்காகத் திருப்பி, முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். முனை சக்கரத்திலிருந்து தூரத்தில் இருப்பதால் கொஞ்சம் விசையே போதும். இது சமதரைக்கான வழி. சரிவில் செய்யாதீர்கள். தள்ளும்போது கை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே. உடம்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது முதுகுக்கு நல்லது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாதீர்கள். பிரஷர் உள்ளவர் மூச்சடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி ஓடினாலோ, காரணமில்லாமல் வேர்த்தாலோ அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவசர உதவி எண் 000-க்கு அழையுங்கள். டிரெய்லர் அங்கேயே நிற்கட்டும்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது உங்கள் மகன் நிற்கிற இடம்தான். ஆஸ்திரேலியாவில் 750 கிலோ வரைக்கும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. பிடி நழுவி அது சரிவில் உருள ஆரம்பித்தால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டுகிறவருக்கு இடுப்பெலும்பு உடையும், விலா எலும்பு நொறுங்கும், சில நேரம் உயிரே போகும். அதனால் டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கமாகவோ, அதற்கும் சுவருக்கும் நடுவிலோ யாரும் நிற்கக் கூடாது, நீங்களும் நிற்கக் கூடாது. மகனை மேல்பக்கத்தில், ஓரமாக, மூடிய கனமான ஷூ போட்டு நிற்க வையுங்கள். டிரெய்லர் நின்ற பிறகு பக்கவாட்டிலிருந்து நீளமான பிடியுள்ள கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளுவது அவன் வேலையாக இருக்கட்டும். டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல் போகவே கூடாது. உருள ஆரம்பித்தால் விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படகு போய் வேலியில் இடித்தால் வேலியைக் கட்டிக்கொள்ளலாம்.

உங்கள் சந்து சரிவாக இருந்தால் கையால் தள்ளுவதையே விட்டுவிடுங்கள் என்பேன். மேல்பக்கம் கான்கிரீட்டில் உறுதியான கொக்கி பதித்து, தானாகப் பின்னோக்கிச் சுழலாதபடி பிரேக் உள்ள விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) மாட்டி மெதுவாக ஏற்றி இறக்கலாம். கயிறு அறுந்தால் பாயக்கூடிய நேர்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். டிரெய்லரை நகர்த்துவதற்கென்றே பேட்டரியில் ஓடும் கருவியும் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல்தான். பிசியோவுக்கும் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் ஆகிற செலவோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படகை விற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மீன்பிடிக்கப் போவது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் வலி இருக்கும் இந்த வாரங்களில் டிரெய்லரைத் தொடாதீர்கள், படகிலும் ஏறாதீர்கள். அலை மேல் படகு அடித்து விழும்போது அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டில்தான் இறங்கும். வலியில்லாமல் அரை மணி நேரம் நடக்கவும், குனிந்து ஷூ கயிறு கட்டவும் முடிந்த பிறகு, அலை அடங்கிய ஒரு நாளில், இன்னொருவரை ஓட்டச் சொல்லிப் பின்பக்க இருக்கையில் உட்கார்ந்து போய்வாருங்கள். அதற்கு முன்னால் அந்த ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும்.