தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வந்தவருக்கு அங்கே எது புதிதாகத் தெரியும்?

மொழி தெரியும் என்ற துணிச்சலில் மதுரையிலிருந்து வந்தேன். முதல் நாளே கடைக்காரர் "பாண் வேண்டுமா?" என்றார். பீடாவென்று நினைத்து மறுத்துவிட்டேன். ரொட்டியாம்!

பௌர்ணமிதோறும் பொது விடுமுறை, மதுக்கடை திறக்காது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி இராணுவ முகாம் உள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் செல்கிறது. அங்கே புள்ளிமான்கள் எவரையும் சட்டை செய்யாமல் மேய்கின்றன.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வாக்குச்சீட்டுதான். நம் ஊரில் தொகுதிக்கு ஒருவர், இயந்திரத்தில் ஒரு பொத்தான். இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்டமே ஒரு தொகுதி. முதலில் கட்சிக்குப் புள்ளடி, அதாவது X குறி, இட வேண்டும். பிறகு அக்கட்சி வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு. அதனால் வேட்பாளர் சொந்தக் கட்சிக்காரரோடும் மோத வேண்டியிருக்கிறது. வேடிக்கையான ஏற்பாடு, ஆனால் கட்சி வாங்கிய வாக்குக்கேற்ப இடம் கிடைக்கிறது.

திருகோணமலைக்கு 4 இடங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் பெருமளவில் வாழும் மாவட்டம். தமிழ் வாக்கு சிதறினால் இருக்கும் ஓர் இடமும் போய்விடுமே என்ற கவலையை முடிதிருத்தும் கடையில்கூடக் கேட்கலாம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசுக் கட்சி 1. "ஒன்று தப்பியது தம்பி" என்றார் பக்கத்து வீட்டு ஐயா. வாக்கில்லாத நான் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.